சனிக்கிழமைக் கடிதங்கள்

என் அலமாரியில் சதுரமான பிஸ்கட் டின் ஒன்று இருக்கிறது. மூடியில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி தேநீர் குடித்துக்கொண்டிருப்பாள். அவள் முகத்தை இப்போது துரு தின்றுவிட்டது. உள்ளே என் சான்றிதழ்கள். போன வாரம் அலுவலகக் கட்டளைப்படி இணையவழிப் படிப்பு ஒன்றை முடித்தேன். பாதிப் பாடம் ஓடும்போது தூங்கிவிட்டேன். ஆனாலும் என் விடாமுயற்சியைப் பாராட்டி மின்னஞ்சலில் அடுத்த நொடியே சான்றிதழ் வந்து விழுந்தது. அதை அச்செடுத்து டின்னில் வைக்கப் போனபோதுதான் கை நின்றது.

எண்பதுகளின் நடுவில் அது தோட்ட ஆபீசின் தபால் டின். மலேசியாவில் கோலசிலாங்கூருக்கு வடக்கே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்குத் தபால் தினமும் வரும். ஆபீஸ் குமாஸ்தாக்களான கிராணிகளுக்கு வந்தது அன்றே கைக்கு வந்துவிடும். லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளிகளுக்கு வந்தது மட்டும் டின்னில் கிடந்து, சனிக்கிழமை காலை வேலைக்கு முன் எல்லாரும் வரிசையில் நிற்கும் பெரட்டில் ஆள் கணக்கெடுத்த பிறகு பெயர் கூப்பிட்டுக் கொடுக்கப்படும். "ஒருத்தருக்குத் தொறந்துவிட்டா நாளைக்கு லயமே வந்து நிக்கும்லா" என்பார் பெரிய கிராணி. நான் சின்னக் கிராணி. சட்டைப் பையில் பேனா, இடுப்பில் டின் சாவி, தலையில் கொஞ்சம் கனம்.

கடைசி லயத்து அக்கா பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுப்பவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். பள்ளி இறுதியான ஐந்தாம் படிவத் தேர்வுக்காக இருவருமே அஞ்சல்வழிப் பாடம் படித்தோம். பிற்பகலில் ஆயாக்கொட்டகையில் பிள்ளைகள் கிளம்பிய பிறகு, அந்தக் குட்டிப் பெஞ்சுகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருப்போம். அவர் விடை எழுதுவார். நான் அதைப் 'பரிசீலிப்பேன்'. "என்னதப் பாத்து எழுது, பரவால்ல தம்பி. என் பேரையும் சேத்து எழுதிராத" என்பார். தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க அவருக்கு அந்த ஆண்டை விட்டால் வயது தாண்டிவிடும்.

எங்கள் இருவருடைய தேர்வுச் சீட்டுகளும் ஒரே செவ்வாய்க்கிழமை வந்தன. தேர்வுத் தேதியும் இடமும் அந்தச் சீட்டைப் பார்த்தால்தான் தெரியும். என்னுடையது என் மேசைக்கு வந்தது, அவருடையது டின்னுக்குள் போனது. வியாழக்கிழமை மலாய்த் தாள். அதை எழுதாதவருக்குச் சான்றிதழே கிடையாது.

புதன்கிழமை மாலை கேட்டார்: "சீட்டு வந்துச்சா தம்பி?"

"இன்னும் வரலக்கா."

பெரிய கிராணிக்குப் பயந்து சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே விளக்கம் கொடுத்துவந்தேன். பயமும் இருந்தது. ஆனால், அஞ்சல் பாடத்தில் சிவப்பு மையில் வரும் மதிப்பெண்ணில் அவர் எப்போதும் என்னைவிட மேலே இருந்தார். பால்வெட்டுக்காரி பாஸாகிச் சின்னக் கிராணி கோட்டை விட்டால் ஆபீசில் சிரிப்பார்களே என்ற யோசனையும் இருந்தது. எனக்கு அப்போது ஓடிய மூளையெல்லாம் அந்த ஒரு திசையில்தான்.

வியாழன் விடியலில் பஸ்ஸுக்கு நின்றேன். அக்கா வாளியோடு மரக்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, மாப்பிள்ள மாதிரி? பொண்ணு பாக்கவா?"

"ஆபீஸ் வேலக்கா. கோலசிலாங்கூர் வரைக்கும்."

சனிக்கிழமை பெரட்டில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அங்கேயே உறையைக் கிழித்துத் தேதியைப் படித்தார். பிறகு நிமிர்ந்து, வியாழனன்று போட்டிருந்த என் சட்டையைப் பார்த்தார். ஊர் கூடச் சத்தம் போடுவார் என்று தூண் பக்கம் ஒதுங்கினேன்.

"கட்டுரைக்கு என்னா வந்துச்சு தம்பி?"

அவர் எனக்கு மூன்று முறை திருத்திக் கொடுத்த அதே தலைப்பு. சொன்னேன்.

"அப்போ நல்லா எழுதியிருப்ப" என்றார். சீட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வாளியைத் தூக்கினார்.

நான் பாஸானேன். பட்டணத்தில் வேலை கிடைத்தது, அப்புறம் பதவி உயர்வுகள். தோட்டம் வீட்டு நிலமாக விற்கப்படும் வரை அக்கா மரம் வெட்டினார். ஆபீசைக் காலி செய்த அன்று போயிருந்தேன். இந்த டின்னை யாரும் கேட்கவில்லை, நான் எடுத்துவந்தேன்.

புதுச் சான்றிதழையும் வைத்து மூடினேன். இப்போது இதற்குப் பூட்டில்லை, எந்தக் கிழமையும் திறக்கலாம். உள்ளே இருப்பதெல்லாம் என் பெயருக்கு வந்தவை.