‘வைத்துக்கொள்வோம்’ என்று எழுதாத கருப்பசாமி சார்

கருப்பசாமி சார் தவறிவிட்டார் என்று துறைத் தலைவர் போனில் சொன்னதும், “எந்தக் கம்பெனியில?” என்று கேட்டுவிட்டேன். சிவகாசிப் பக்கம் சாவுச் செய்தி வந்தால் வாய் தானாக அதைத்தான் கேட்கிறது. “கம்பெனி இல்ல மேடம். வீட்லதான். நெஞ்சுவலி” என்றார். கருப்பசாமி சார் என்னோடு கல்லூரியில் கணிதம் நடத்தியவர். எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனிக்குப் போவது அவர் மனைவி பேச்சியம்மாள். அந்தச் சம்பளம்தான் கருப்பசாமி சாரைப் படிக்க வைத்தது.

அவரை அறிந்தவர்களுக்கு எங்கள் சண்டையும் தெரியும். மெய்யெண்களை ஒன்று, இரண்டு என்று வரிசையிட்டு முடிக்க முடியாது. இதை நான் புத்தகத்தில் உள்ளபடி நிரூபிப்பேன். எல்லா மெய்யெண்களும் ஒரு வரிசையில் வந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். முதல் எண்ணில் முதல் தசம இலக்கத்தை மாற்று, இரண்டாம் எண்ணில் இரண்டாவதை மாற்று, இப்படியே போ. மாற்றியவற்றைக் கோத்தால் வரும் எண் அந்த வரிசையில் எங்குமே இருக்காது. ஆகவே வைத்துக்கொண்டது பொய்.

“இது செல்லாது மேடம்” என்பார். “இல்லாத ஒண்ண இருக்குன்னு வச்சுக்கிட்டு, அத வெடிக்கவிட்டு, பாத்தீகளா இல்லன்னு சொல்றீக. இது என்ன நிரூபணம்?”

“உலகமே ஒத்துக்கிட்டது உங்களுக்கு மட்டும் செல்லாதா? பரீட்சையில உங்களுக்கு முட்டைதான் சார்” என்று கிண்டல் செய்வேன். எல்லாரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். பிடிவாதக்காரர் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு மதியம் ஆசிரியர் அறை ஜன்னல் அதிர்ந்தது. மேற்கே புகை எழுந்தது. கருப்பசாமி சார் மனைவிக்குப் போன் செய்தார். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். அது தெரிந்தும் அழைத்துக்கொண்டே இருந்தார். “ஒண்ணும் இருக்காது சார். ஒருவேளை அவங்க கம்பெனியாவே இருந்தாலும்...” என்று தொடங்கினேன்.

“அதச் சொல்லாதீக மேடம்!” என்று கத்தினார். “எங்க வீட்ல ஒருவேளைன்னு யாரும் வாயெடுக்க மாட்டோம். வச்சுக்கிட்டா நடந்துரும்.”

அவர் இவ்வளவு காலம் சண்டை போட்டது கணிதத்தோடு இல்லை, ‘வைத்துக்கொள்வோம்’ என்ற சொல்லோடு என்பது அப்போதுதான் உறைத்தது. சாயங்காலம் பேச்சியம்மாள் பேசினார். வெடித்தது வேறு கம்பெனி. அதைக் கேட்டபின்னும் கருப்பசாமி சார் முகம் தெளியவில்லை. “வேற யாரு வீட்லயோ இந்நேரம்...” என்றார்.

சில வாரம் கழித்து, என் வகுப்பு முடிந்ததும் உள்ளே வந்து சாக்பீஸை எடுத்தார். “நீங்க எந்த வரிசையக் கொடுத்தாலும் சரி. முத எண்ணுல முத இலக்கம், ரெண்டாவதுல ரெண்டாவதுன்னு பாத்து, நாலுன்னா அஞ்சு, மத்ததெல்லாம் நாலுன்னு மாத்துறேன். வார எண்ணு உங்க வரிசையில இருக்காது. அம்புட்டுத்தான். எதையும் வச்சுக்கவே வேண்டாம்.” நானும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். எங்கும் ஓட்டை இல்லை. வழி அதேதான், என்னுடைய முதல் வாக்கியம் மட்டும் தேவைப்படவில்லை. “ஜெயிச்சிட்டீங்க சார்” என்றேன். அன்றுதான் சிரித்தார்.

துக்கம் விசாரிக்கப் போனபோது பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். “முந்தின நாளே நெஞ்ச அடைக்குதுன்னாக மேடம். ஆஸ்பத்திரிக்குப் போவோம், ஒருவேளை நெஞ்சுநோவா இருந்தா...ன்னு ஆரம்பிச்சேன். ‘அதச் சொல்லாத புள்ள’ன்னுட்டாக. நானும் சொல்லல.”

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. இன்னும் தீரவில்லை. மனைவிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று காலமெல்லாம் பயந்த மனிதர், தனக்கு ஒன்று வந்தபோது அதே பயத்தால் வாயடைத்துக் கிடந்திருக்கிறார்.

அவருடைய நிரூபணத்தைத்தான் இப்போது வகுப்பில் நடத்துகிறேன். பேச்சியம்மாள் மறுபடியும் வேலைக்குப் போகிறார். சாயங்காலம் கம்பெனி வேன் திரும்பும் நேரத்தில் நான் போன் செய்கிறேன். சில நாள் சட்டென்று எடுக்க மாட்டார். “வேன்ல ஒரே சத்தம், கேக்கல மேடம்” என்று பிறகு சொல்வார். அதுவரை ‘ஒருவேளை’ என்று வாயெடுக்காமல் அழைத்துக்கொண்டே இருப்பேன். கருப்பசாமி சார் எனக்கு விட்டுப்போனது அந்தப் பயம்தான்.