மேடையில் வைத்த மிக்சர்

1. நாற்பது அடி

சவுண்டு வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, மைக்குகளின் சத்தத்தை ஏற்றி இறக்குகிற மிக்சரில் எதை வாங்கலாம் என்பதுதான். அதைவிட முக்கியம், அதை எங்கே வைப்பது. மேடைக்கு நேர் எதிரே நாற்பது அடி தள்ளி, கூட்டத்துக்கு நடுவில் வைக்க வேண்டும். ஜனங்களுக்கு என்ன கேட்கிறது என்பது அங்கேதான் நமக்குத் தெரியும். மேடை மேல் இருந்தால் டிரம்ஸ் சத்தம் மட்டும்தான் காதில் விழும்.

நாகலூர் சர்ச்சில் பாடகர் குழுவுக்கு மைக் வைத்துப் பழகியவள் நான். அப்புறம் ஏற்காட்டில் ஒரு சவுண்டு சர்வீஸில் பதினெட்டு வருஷம். கேபிள் இழுப்பேன், மைக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டி லைன் செக் பண்ணுவேன். கச்சேரி தொடங்கும்போது ஓனர் வந்து, "நீ அப்படிப் போய் உக்காரு கண்ணு, இது பெரிய புரோகிராம்" என்று மிக்சர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். நல்ல மனுஷன்தான். ஆனாலும் அந்த நாற்காலிக்கு நான் ஏங்கியது கொஞ்சநஞ்சமல்ல.

2. மகளிர் தினம்

ஒரு ரிசார்ட்டில் மகளிர் தின நிகழ்ச்சி. பாட்டு, வாத்தியம், சவுண்டு எல்லாமே பெண்கள் என்று போஸ்டர் அடித்து என்னைக் கூப்பிட்டார்கள். பாடுவதற்குக் கொட்டச்சேடு கிராமத்துக் கவிதாவை நான்தான் சேர்த்துவிட்டேன். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற பெண், சொந்தமாகப் பாட்டுக் கட்டுவாள். புதிதாக ஒன்று கட்டியிருப்பதாகவும், அதை மேடையில்தான் முதலில் பாடுவேன் என்றும் சொல்லியிருந்தாள்.

போய்ப் பார்த்தால் மிக்சர் மேடையின் இடது ஓரத்தில் இருந்தது. அதற்குத் தனி லைட் வேறு. இங்கிருந்து எனக்கு ஒன்றும் கேட்காது, கீழே வையுங்கள் என்றேன். மேனேஜர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

"கீழ வெச்சா உங்கள யாருங்க மேடம் பாப்பாங்க?"

நான் வாதாடவில்லை. போட்டோகிராபர் என்னைத்தான் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் அது பிடித்திருந்தது. இதைச் சொல்ல வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது?

கவிதா பாடத் தொடங்கியதும் ஒற்றை விரலை மேலே காட்டினாள். குரலை ஏற்று என்று அர்த்தம். மிக்சரில் அவள் குரலுக்கான தள்ளுகட்டையை, ஃபேடரை, மேலே தள்ளினேன். என் விரலுக்கடியிலேயே அது தானாகக் கீழே இறங்கியது. மறுபடி தள்ளினேன், மறுபடி இறங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். கூட்டத்துக்கு நடுவில், நான் இருக்க வேண்டிய இடத்தில், ரிசார்ட் ஆள் ஒருவர் கையில் டேப்லெட். அதை வைஃபையில் மிக்சரோடு இணைத்து அவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு டிரம்ஸ் அதிர வேண்டும். நானோ, கல்யாண வீட்டு வாசலில் அலங்காரத்துக்குக் கட்டிய வாழைமரம்.

அப்போதாவது இறங்கிப்போய் அந்த டேப்லெட்டை வாங்கியிருக்கலாம். கேமரா என் பக்கம் திரும்பியிருந்தது. சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாட்டு முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கவிதா என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க அக்கா, எத்தன தடவ கை காட்டுனேன். எங்க ஊட்டுல எல்லாரும் வந்திருந்தாங்க. ஒரு வரி வெளங்கலைங்கறாங்க."

டேப்லெட் விஷயத்தைச் சொன்னேன்.

"தெரிஞ்சதுமே எறங்கிப் போயிருக்கலாமில்லீங்க?"

நான் குனிந்து கேபிளைச் சுருட்டத் தொடங்கினேன்.

3. இப்போது

அன்று எடுத்த ஒரு படத்தை ரிசார்ட் வரவேற்பறையில் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். கவிதா பாடுகிறாள், பின்னால் நான் ஃபேடரில் கை வைத்துச் சிரிக்கிறேன்.

இப்போது சொந்தமாகச் சின்ன செட் வைத்திருக்கிறேன். யார் கூப்பிட்டாலும் மிக்சர் எங்கே என்றுதான் முதல் கேள்வி. மேடையில் என்றால் வருவதில்லை. சில வேலைகள் கைநழுவிப் போயின, போகட்டும். உங்களையும் படம் எடுப்பார்கள். தாராளமாக நில்லுங்கள். ஆனால் நாற்காலி யாரிடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு நில்லுங்கள்.

கவிதா அதற்குப் பிறகு மேடை ஏறவில்லை. ஒவ்வொரு மார்ச்சிலும் போன் செய்து கூப்பிடுகிறேன். "பாக்கலாங்க அக்கா" என்கிறாள். அவள் வந்தால் நாற்பது அடி தள்ளி, யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்து அந்தக் குரலை ஏற்றிக் கேட்க வேண்டும். அன்று அவள் என்ன பாடினாள் என்று எனக்கே இன்னும் தெரியாது.