கியரைப் பிடிக்க ஓர் ஆள்

காத்தவராயனுக்குப் பேச்சு வராது. நாலு பேர் நிற்கிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் ஐந்தாவதாக ஒரு மின்கம்பம் நிற்கிறது என்று நினைப்பீர்கள். அப்பேர்ப்பட்ட மனுஷர்தான் போன வருஷம் ஒரு மழைநாளில் புதுச்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தி, கதவுக்கு வெளியே தலையை நீட்டி, முன்பின் தெரியாத என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, மஞ்சக்குப்பம் வரைக்கும் இந்தக் கியரக் கொஞ்சம் புடிச்சிக்கினு வர்றியா?"

எத்தனையோ பேர் என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மனு அடித்துக் கொடுக்கும் கடையில் டைப் அடிக்கிறவள் நான். பட்டா மாற்றம் வேண்டும், பக்கத்து வீட்டு வேப்பமரத்தை வெட்ட வேண்டும், மருமகளைக் கண்டிக்க வேண்டும் என்று ஊர்ப்பட்ட குறைகள் என் விரல் வழியாகத்தான் அரசாங்கத்துக்குப் போகின்றன. கியரைப் பிடி என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். பஸ் எதுவும் வருகிற வழியாக இல்லை. மழை வலுத்துக்கொண்டிருந்தது. பிடிக்கிறதைப் பிடிப்போம், நனையாமல் போனால் சரி என்று ஏறிவிட்டேன்.

அது ஒரு பழைய மினி லாரி. காட்டுமன்னார்கோயில் ரைஸ் மில்லில் அரிசி மூட்டை ஏற்றி, சிதம்பரம் வழியாகக் கடலூர்க் கடைகளில் இறக்குவார். வண்டி அவருடையதேதான், வியாதியும் வண்டியோடு வந்தது. கியர் ராடு ஆடிக்கொண்டே இருக்கும். மூன்றாவது கியரில் போட்டால் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுவதற்குள் தானாகவே கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். எஞ்சின் அலறும், வண்டி போகாது. ஆகையால் அவர் கியர் போட்டதும் பக்கத்தில் இருப்பவர் அந்த ராடைக் கீழ்ப்பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆளில்லாத நாளில் சைக்கிள் டியூபால் சீட்டோடு இழுத்துக் கட்டிவிட்டு ஓட்டுவாராம். அவசரத்துக்குக் கியர் மாற்ற முடியாமல் ஒருமுறை எருமைக் கூட்டத்துக்குள் போய் நின்றிருக்கிறார்.

மறுநாள் மழை இல்லை. ஆனாலும் வண்டி நின்றது. நானும் ஏறினேன். அப்படியே பழகிவிட்டது.

என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. குழம்பைப் பற்றிப் பேசினோம். அவர் சம்சாரம் தங்கம்மாள் இறந்த பிறகு அவரே பொங்கித் தின்கிறார். "நேத்து நெத்திலி வெச்சன் தங்கச்சி, கரைஞ்சி போச்சி" என்பார். புளி கொதித்த பிறகுதான் மீனைப் போட வேண்டும், போட்டுவிட்டுக் கரண்டியால் கிண்டக் கூடாது என்று நான் கத்துவேன். மறுநாள் கிண்டாமல் வைத்த கதையைச் சொல்வார். பிறகு, "உங்க வீட்ல நேத்து என்னா கொழம்பு?" என்று கேட்பார். இந்த ஒரு கேள்விக்காகவே நான் ராத்திரி ஏதாவது உருப்படியாகச் சமைக்க ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. மகள் எழிலரசி ஓசூரில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள், சாப்பிட்டாயா என்று கேட்பாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்க அவளுக்கு ஏது நேரம்?

ஊர் பார்த்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஆனால் அந்த ராடு என்னைக் காப்பாற்றியது. "என்னா சவரியம்மா, அரிசி வண்டியில போறியாமே?" என்று யாராவது இழுத்தால், "கியர் நிக்கல, புடிச்சிக்கினு போறேன், நீ வந்து புடிக்கிறியா?" என்பேன். வந்த வழியே திரும்பிவிடுவார்கள். ஐம்பது தாண்டிய பொம்பளை லாரியில் ஓர் ஆம்பளை பக்கத்தில் சும்மா உட்கார்ந்து போனால்தான் தப்பு. வேலையாகப் போனால் தப்பில்லை. அவருக்கும் அதே கதைதான். வா, பேசிக்கொண்டு போகலாம் என்று அந்த மனுஷர் ஜென்மத்துக்கும் கேட்டிருக்க மாட்டார். கியரைப் பிடி என்று கேட்க முடிந்தது.

இதைக் கெடுக்க வந்தவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். தங்கம்மாளின் தம்பி சுப்பராயலு, சிதம்பரத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். எத்தனையோ தடவை சரிபண்ணித் தருகிறேன் என்று கூப்பிட்டும் காத்தவராயன், "அப்புறம் பாக்கலாம் மச்சான்" என்றே தட்டிக்கழித்து வந்தார். ஒருநாள் டீசல் போட நிறுத்திய இடத்தில் சுப்பராயலு பிடித்துக்கொண்டார்.

"ஏன் மாமா, நான் ஒருத்தன் மெக்கானிக்குன்னு இருந்துக்கினு, எவங்களோ கையப் புடிச்சி வண்டி ஓட்டணுமா நீங்க? கேக்கறவங்களுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

என்ன சொல்லி மறுப்பார்? ராடின் அடிக்குண்டு உட்காருகிற புஷ் தேய்ந்திருந்தது, அதை அழுத்துகிற ஸ்பிரிங் செத்துப்போயிருந்தது. இரண்டையும் மாற்றி, மேல்மூடியை முறுக்கிவிட்டார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்ததாம்.

மறுநாள் நான் ஏறி வழக்கம்போல ராடில் கை வைத்தேன். நட்டு வைத்த கல் மாதிரி இருந்தது.

"வேணாந் தங்கச்சி," என்றார். "மச்சான் சரி பண்ணிட்டாரு."

"நல்லதாப் போச்சிண்ணே," என்றேன்.

எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்தேன், பையைப் பிடித்தேன், ஜன்னலில் வைத்தேன். குழம்புப் பேச்சு வரவில்லை. மஞ்சக்குப்பத்தில் இறங்கினேன், அவ்வளவுதான். அடுத்த நாள் வண்டி வரும்போது நான் நிழற்குடைக்குள் உள்ளே தள்ளி உட்கார்ந்துகொண்டேன். வண்டி கொஞ்சம் மெதுவானது, பிறகு போய்விட்டது. என்னைக் கூப்பிட அவருக்குக் காரணம் இல்லை, ஏற எனக்கும் இல்லை.

பஸ்ஸில் போனேன். பஸ்ஸுக்கு என்ன பஞ்சம்? எனக்குத்தான் வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மனசில்லை. காலையில் வடித்த சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கடையில் மனு அடித்துக்கொண்டே யோசிப்பேன், பேச ஆள் இல்லை என்று ஒரு மனு போட்டால் அதை எந்தத் துறைக்கு அனுப்புவார்கள்? ஒருநாள் எங்கள் பஸ் அவர் வண்டியைத் தாண்டியது. ஜன்னலோரம் இருந்து பார்த்தேன். பக்கத்து சீட் காலியாக இருந்தது, அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. யாரிடம் பேசுகிறார் என்று பார்த்தால் யாரும் இல்லை. அன்று முழுக்க எனக்கு எழுத்துப்பிழையாகவே விழுந்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை, பஸ் ஸ்டாப்பில் நல்ல கூட்டம். அரிசி வண்டி வந்து நின்றது. காத்தவராயன் தலையை நீட்டினார்.

"தங்கச்சி, கியரு மறுபடியும் லூசாயிடுச்சி."

இத்தனை பேர் முன்னால் அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. நான் எழுவதற்குள் தமிழ்மணி எழுந்துவிட்டான். மின்வாரியத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிற பிள்ளை, யாருக்கு உதவி என்றாலும் முதல் ஆளாக நிற்பான். இப்படிப்பட்டவர்களால்தான் உலகத்தில் பாதிக் கஷ்டம்.

"அக்கா பஸ்லயே வரட்டும் மாமா. நான் புடிக்கிறேன், எனக்கும் கடலூர்தான்."

காத்தவராயன் முகம் விழுந்துவிட்டது.

"போடா, உனக்கென்ன தெரியும்?" என்று தமிழ்மணியைத் தள்ளிவிட்டு ஏறினேன். "அது ஒரு முரட்டு ராடு. என் கைக்குத்தான் அடங்கும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரித்துக்கொள்ளட்டும். கதவைச் சாத்தினேன், வண்டி கிளம்பியது, அவர் மூன்றாவது கியர் போட்டார், நான் அழுத்திப் பிடித்தேன்.

ராடு இம்மியும் ஆடவில்லை.

ஆலப்பாக்கம் ஸ்பீட் பிரேக்கரில் வண்டி தூக்கிப் போட்டது. மூட்டைகள் குலுங்கின. ராடு அப்படியே நின்றது. நான் அவரைப் பார்த்தேன், அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. பொய் சொல்கிறவர்களை நான் லேசில் விடுகிறவள் இல்லை. ஆனால் நாலு பேர் எதிரில் வாய் திறக்காத மனுஷர், சொந்த மச்சான் செய்த வேலையைக் குறை சொல்லி, ஊர் கேட்க ஒரு பொய் சொல்லியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு இன்னொரு கையையும் ராடின்மேல் வைத்தேன்.

"ஜாஸ்தியாத்தான் ஆடுதுண்ணே," என்றேன். "ஒரு கை பத்தல."

"ஆமா தங்கச்சி," என்றார்.

"நாளைக்கும் ஆடுமா?"

"ஆடும்," என்றார். "கண்டிப்பா ஆடும்."