வெளுத்துப்போன பத்து லட்சம்

அமகசாகி நகரத்தில் இவாசே தமோட்சுவைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேசுவார்கள். வாயைத் திறப்பதற்குள் கையை ஓங்கிவிடுகிற ரகம். இரும்புப் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷ வேலையில் இரண்டு மேஸ்திரிகளின் மூக்கை உடைத்திருக்கிறான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன பெண்டாட்டி திரும்பி வரவே இல்லை. இதற்கெல்லாம் அந்த மனுஷன் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அவன் தூக்கத்தைக் கெடுத்தது பதினாறு வயதில் அடித்த ஒரே ஒரு அடிதான்.

அவனும் சிநேகிதன் ஹொசுமியும் வீடு வீடாகப் பேப்பர் போட்டுச் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அது ஹொசுமி வீட்டு மாடியில் இருந்தது. கேசட்டைப் போட்டால் ஐந்து நிமிஷம் கிரீச்சென்று கத்திவிட்டு விண்கப்பல் சண்டை ஆரம்பிக்கும். கூட்டம் கூட்டமாக வரும் கப்பல்களைத் தமோட்சு ஈவிரக்கமில்லாமல் சுட்டுத் தள்ளுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறு மணி நேரம் எழுந்திருக்காமல் சுட்டுப் பத்து லட்சத்தைத் தொட்டான். அந்த விளையாட்டில் அவ்வளவு தூரம் போனதாக யார் பேரும் கம்ப்யூட்டர் விளையாட்டுப் பத்திரிகையில் வந்ததில்லை.

பத்திரிகைக்காரர்கள் வாய்ப்பேச்சை நம்பமாட்டார்கள். திரையை ஃபோட்டோ எடுத்துத் தபாலில் அனுப்ப வேண்டும். ஜன்னலை மூடி, ஃப்ளாஷ் போடாமல் எடுக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பையன்கள் எல்லாருக்கும் தெரியும். ஹொசுமிக்கும் தெரியும். அன்றைக்கு இருந்த அவசரத்தில் ஃப்ளாஷை அணைக்க மறந்து தொலைத்தான். கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் ஃபோட்டோக் கடையில் உறையைப் பிரித்தால், ஃப்ளாஷ் வெளிச்சம் பட்டுத் திரை வெறும் வெள்ளை. எண்ணும் இல்லை, ஒன்றும் இல்லை. கடை வாசலிலேயே தமோட்சு சைக்கிள் பூட்டுச் சங்கிலியை உருவி வீசினான். ஹொசுமி விழுந்த பிறகும் வீசினான். இடது கண் அங்கேயே போயிற்று. சைக்கிளிலிருந்து விழுந்ததாகத்தான் ஹொசுமி போலீஸில் சொன்னான்.

நாற்பத்தொரு வருஷம் கழித்து, ஓசாகாவில் பழைய கம்ப்யூட்டர்களில் காசுக்கு விளையாட விடும் கடை ஒன்று ஹொசுமியுடையது என்று கேள்விப்பட்டுத் தமோட்சு போனான். காலையில் ஹொசுமி கடைக் கதவைத் திறந்ததும் அவனுக்கு முன்னால் போய் நின்றான்.

"உக்காருங்க. எது விளையாடறீங்க?" என்றான் ஹொசுமி.

"என்னத் தெரியலையா?"

"தெரியாம என்ன? ஒரு கண்ணு மிச்சம் வச்சீங்களே."

தமோட்சு தலை குனிந்தான். "மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"இது விளையாடற கடை. பத்து லட்சம் எடுங்க, அப்புறம் கேளுங்க."

உட்கார்ந்தான். அதே விண்கப்பல் சண்டையில் மதியம் வரை கொன்றான். அதற்குப் பிறகும் கொன்றான். கப்பல்கள் வெடித்துச் சிதறின. விரல் நகத்தடியில் ரத்தம் கட்டியது. ஒன்பது லட்சத்து எண்பதாயிரத்தில் அவன் கண் கப்பல்களை விட்டு நகர்ந்து திரைக் கண்ணாடியின் ஓரத்துக்குப் போனது. பின்னால் நிற்கும் ஹொசுமியின் முகம் அதில் தெரிந்தது. தான் தோற்றாலாவது இவன் மனசு ஆறும் என்று தோன்றவே, தமோட்சு கையை எடுத்துவிட்டான். அவனுடைய கப்பல் வெடித்தது. ஆட்டம் முடிய அவனுக்கு இன்னும் ஒரே ஒரு கப்பல்தான் மிச்சம்.

ஹொசுமி அவன் தலைமயிரைப் பிடித்து மேஜையில் ஓங்கி மோதினான். உதடு கிழிந்தது. இன்னொரு தரமும் மோதினான்.

"எதுக்குடா கைய எடுத்த?"

"நான் தோக்கறத நீ பாக்கணும்னுதான்..."

"நாயே, உன் தோல்விய வச்சு நான் என்ன பண்ணட்டும்? அன்னிக்கு நீ எடுத்தத பாத்தவன் நான் ஒருத்தன்தான்டா. இத்தன வருஷமா பாக்கறவன்கிட்டயெல்லாம் சொல்றேன், ஒருத்தனும் நம்பல. பொய்யன்னு சிரிக்கறானுங்க. நீயும் இப்ப தோத்துட்டா என் கண்ணு எதுக்குடா போச்சு?"

தமோட்சுவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மன்னிப்பு என்று எதையோ சொல்ல வாயெடுத்தான்.

"வாய மூடு. சுடு."

அவன் பட்டனைத் தட்டினான். அவனுடைய கடைசிக் கப்பல் திரையின் கீழிருந்து ஏறி வந்தது. சட்டைக் கையில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, அழுதபடியே, எதிரில் வந்தவற்றை ஒவ்வொன்றாகக் கொன்றான்.