படிக்குக் கீழே நின்று பேசும் இங்கிலீஷ்

"தேயிலைச் செடி என்ன இங்கிலீசா கேக்குது? இவளுக்கு எதுக்கு அது?"

எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை இதை என்னிடம் கேட்கவில்லை. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே என் அம்மாவிடம் கேட்டார். பதுளை மிஷன் பெண்கள் பள்ளியில் என்னைச் சேர்க்கப்போகிறாள் என்ற செய்தி அப்போதுதான் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் முழுவதும் பரவியிருந்தது.

"செடி கேக்கலீங்க ஐயா. புள்ள கேக்குது" என்றாள் அம்மா.

"நாளைக்குத் துரையோட நாற்காலியும் கேக்கும். குடுப்பியா?"

அம்மா சிரித்து வைத்தாள். அவள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் ஆயா. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் சிலேட்டைத் தொட்டவர் யாரும் இல்லை. ஆனால் இங்கிலீஷ் எனக்கு முன்பே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மாவிடம் ஒன்று இருந்தது.

துரைசாணியின் குழந்தையைப் பிறந்ததிலிருந்து வளர்த்தவள் அவள். குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் துரைசாணி சொல்லும் வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு, குழந்தையும் அம்மாவும் சேர்ந்தே பேசப் பழகினார்கள். குழந்தை ஓரளவு வளர்ந்ததும் சீமைக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். அம்மாவின் இங்கிலீஷ் அந்த வயதிலேயே நின்றுபோனது. அடுத்த குழந்தை பிறந்தது. அதனோடு மறுபடி முதலிலிருந்து. அவள் உச்சரிப்பு எங்கள் பள்ளி ஆசிரியைகளுடையதைவிட நன்றாக இருந்தது. ஆனால் குழந்தையின் அறைக் கதவு சாத்தியிருக்கும்போது மட்டுமே அது வெளியே வரும். துரையோ துரைசாணியோ எதிரே வந்தால் ஒன்றும் விளங்காதவளைப்போல் நின்று தமிழில் பதில் சொல்வாள். அது பங்களா வழக்கம்.

துரையும் தமிழ் படித்தவர்தான். ஒரு சின்னப் புத்தகத்திலிருந்தும், காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்திலிருந்தும் படித்தது. வா, போ, நில்லு, கொண்டா. ஒரு 'ங்க' கூட இல்லாமல் ஒரு மனிதர் இத்தனை வருடம் தமிழ் பேச முடியும் என்பதை அவரிடம்தான் கண்டேன். அவர் தப்பாகப் பேசினால் யாரும் திருத்தமாட்டார்கள். அவர் சொன்னபடியே நாங்களும் சொல்லப் பழகிக்கொள்வோம்.

கணக்கப்பிள்ளையின் இங்கிலீஷ் வேறு. மழை எவ்வளவு, கொழுந்து எவ்வளவு, காய்ச்சலில் படுத்தவர் யார் யார் என்று தினமும் துரையிடம் சொல்லவேண்டிய வாக்கியங்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அந்த வேலியைத் தாண்டித் துரை ஏதாவது கேட்டுவிட்டால் "யெஸ் சார்" என்பார். துரை முகம் சுளித்துத் தமிழுக்கு மாறுவார். வேலிக்குள் இருக்கும்வரை அந்த இங்கிலீஷ் அவருக்குச் சோறு போட்டது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை.

நான் பள்ளியிலேயே தங்கிப் படித்தேன். ஆசிரியை ஒரு வரி வாசிப்பார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து அதைத் திருப்பிச் சொல்வோம். பிறகு அவர் கேள்வி கேட்பார், நாங்கள் பதில் சொல்வோம். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் எந்தக் கேள்விக்கு யார் எழுந்திருப்பது என்பதுகூட முன்பே முடிவாகியிருக்கும். எனக்கு நீளமான பதில்களைத்தான் கொடுப்பார்கள். அதில் எனக்குப் பெருமை. ஒருமுறை நானாக எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். "உன் முறை வரும்போது பதில் சொல்" என்று உட்காரவைத்தார்கள். எத்தனையோ புத்தகங்கள் படித்தேன். இங்கிலீஷில் ஒருவரிடம் ஒன்றைக் கேட்டுப் பெறுவது எப்படி என்று அங்கே யாரும் சொல்லித்தரவில்லை.

படிப்பு முடிந்ததும் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். ஆசிரியைப் பயிற்சிக்கு ஓர் இடம் இருப்பதாகவும், தோட்டத்துத் துரையிடமிருந்து நற்சான்று வாங்கி வந்தால் அது எனக்குத்தான் என்றும் சொன்னார். நான் தோட்டத்துக்குப் போனேன்.

துரையிடம் எதையாவது கேட்க ஒரு முறை உண்டு. கேட்பவர் ஆபீஸ் படிக்குக் கீழே நிற்கவேண்டும். படியில் நிற்கும் கணக்கப்பிள்ளையிடம் தமிழில் சொல்லவேண்டும். அவர் அதைத் துரையிடம் சொல்வார். துரைக்குத் தமிழ் தெரியும்; நாம் சொன்னது அவர் காதில் விழுந்தும் இருக்கும். இருந்தாலும் கணக்கப்பிள்ளை சொன்ன பிறகுதான் கேட்டதாகக் கணக்கு.

நான் படிக்குக் கீழேதான் நின்றேன். ஆனால் துரையைப் பார்த்து, பயிற்சிக்குப் போக அவருடைய நற்சான்று வேண்டி வந்திருக்கிறேன் என்று இங்கிலீஷில் சொன்னேன். மரியாதையாக, பிழையில்லாமல் சொன்னேன்.

துரை என்னைப் பார்க்கவில்லை. கணக்கப்பிள்ளையைப் பார்த்துத் தமிழில் கேட்டார்: "இது யாரு? என்ன சொல்லுது?"

கணக்கப்பிள்ளை நான் சொன்ன இங்கிலீஷைத் தமிழாக்கி அந்த இங்கிலீஷ்காரரிடம் சொன்னார்.

"ஆயா மகளா? ஒழுங்கா கேக்கச் சொல்லு. இப்ப போகச் சொல்லு."

மறுநாள் காலை அம்மாவைப் பங்களாவுக்கு வரவேண்டாம் என்றார்கள். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள். மாலையில் கணக்கப்பிள்ளை எங்கள் லயத்து வாசலுக்கு வந்தார்.

"நாளைக்கு வா. கீழ நின்னு, தமிழ்ல, எங்கிட்டச் சொல்லு. துரை சீட்டு எழுதிக் குடுப்பாரு. ஒங்கம்மாவும் பங்களாவுக்குத் திரும்பிரலாம்."

"அவருக்கு நான் சொன்னது வெளங்காமலா ஐயா இருந்துச்சு?"

"இங்கிலீசு தெரிஞ்சவ, தெரியாத மாதிரி நிக்கவும் படிச்சிருக்கணும் புள்ள. நான் படிச்சேன். ஒங்கம்மா படிச்சா. ஒங்க பள்ளிக்கூடத்துல அதச் சொல்லித்தரலையா?"

அவர் போன பிறகு அம்மா சொன்னாள்: "ரெண்டு வார்த்தைதானே. சொல்லிட்டு வந்துரு."

"எனக்கு அது வராதும்மா."

"அந்த ரெண்டு வார்த்தைய வச்சுத்தான் நான் ஒன்னப் படிக்கவச்சேன்."

ஆனாலும் மறுநாள் நான் போகவில்லை. போகாதது தவறு என்று இன்றும் நினைக்கவில்லை. பயிற்சி இடம் வேறொரு பெண்ணுக்குப் போனது. நான் பதுளைக்கே திரும்பிவிட்டேன். அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறாள். நான் தோட்டத்துக்குப் போனால் சோறு போடுகிறாள். சாப்பிட்டாயா என்பதற்கு மேல் பேசுவதில்லை.

பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர், தம் பெண்களுக்கு வீட்டிலேயே இங்கிலீஷ் சொல்லித்தர ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவர் இங்கிலீஷைத் துரைமார்களின் முகத்தைப் பார்த்தே படித்தவர். துணி பிடித்திருந்தால் ஒரு வார்த்தை, பிடிக்காவிட்டால் இன்னொன்று.

"ரொம்ப வேணாம்மா. வந்தவங்களுக்கு 'யெஸ்' சொல்லத் தெரிஞ்சாப் போதும்" என்றார்.

"அது நான் சொல்லித்தராமலே வந்துரும் முதலாளி" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கடைக்கு மேலுள்ள அவர் வீட்டு அறையில் போன வாரம் வகுப்பைத் தொடங்கிவிட்டேன். புத்தகத்தை இன்னும் திறக்கவில்லை. முதலில் கேள்வி கேட்கத்தான் பழக்குகிறேன். இன்று காலை மூத்த பெண், எழுந்து நிற்காமல், என் முகத்தைப் பார்த்து, இந்தப் படிப்பெல்லாம் எதற்கு என்று இங்கிலீஷில் கேட்டாள். நானும் உட்கார்ந்தபடியே இங்கிலீஷில் பதில் சொன்னேன்.