மங்கம்மா கூட்டிவந்த பதில் ஆள்

மங்கம்மாவிடம் எங்கள் மருத்துவமனையில் மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதிக் கொடுத்தது நான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் இதைக் கொஞ்சம் சூடாகத்தான் சொல்வேன்.

என் பெயர் பிரிஸ்கில்லா, ஊர் உத்திரமேரூர். நகரத்தில் ஒரு மனநல மருத்துவமனையில் வெளிநோயாளிகளுக்குச் சீட்டு போடுகிற கவுண்டரில் நாலு வருடமாக ஒப்பந்த ஊழியராக இருக்கிறேன். எந்த மருத்துவமனை என்று சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த ஒப்பந்தத்தில் என் பெயர் இருக்காது. வாரம் முழுக்க அங்கே விடுதியில் தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருவேன்.

மங்கம்மாவுக்கு மானாம்பதிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். வயது நாற்பத்தெட்டு இருக்கும். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. நடவு, களையெடுப்பு, அது இல்லாத நாளில் நூறு நாள் வேலை. ஒரே மகள், கட்டிக்கொடுத்தாகிவிட்டது. மாதத்தில் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விடியும் முன்பே கிளம்பி, இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் மாறி, புருஷனுக்கு மாத்திரை வாங்க வருவாள். முதல் தடவை நான் யாரிடமோ போனில் பேசியதைக் கேட்டுவிட்டு, "இன்னா பாப்பா, நம்மூரு பேச்சா கீது?" என்றாள். அன்றிலிருந்து அவள் எனக்கு அக்கா. வேர்க்கடலை காலத்தில் அவித்த கடலையை ஒரு பையில் போட்டு, கவுண்டர் சந்து வழியாக உள்ளே தள்ளிவிடுவாள்.

அவள் புருஷன் வீராசாமி போர் போடுகிற வண்டியில் வேலை பார்த்தவர். பதினாலு வருடத்துக்கு முன் வேலையிலிருந்து திரும்பி வந்தவர் தூங்குவதை நிறுத்திவிட்டார். பூமிக்குள்ளிருந்து தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றார். சொந்தக்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து அவரை மாடு கட்டுகிற கயிற்றால் கட்டி, வேனில் போட்டு, எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று மாதம் உள்ளே இருந்தார். மாத்திரை பிடித்தது, மனிதர் தெளிந்தார். ஆனால் அந்தக் கயிறு அவருக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு பஸ், வேன், ஆட்டோ எதிலும் ஏறமாட்டார். ஊரில் பஞ்சாட்சரம் என்பவர் வீட்டு மாடுகளைப் பார்த்துக்கொண்டு, மங்கம்மாவுக்கு முன்னால் எழுந்து வாசல் பெருக்கிக்கொண்டு, ஒழுங்காக இருந்தார். மங்கம்மா மாத்திரைகளை நிறம் பார்த்துத்தான் கொடுப்பாள். காலையில் வெள்ளை, ராத்திரி மஞ்சள். பதிமூன்று வருடம் ஒரு வேளை தவறவில்லை. நம்மில் எத்தனை பேர் சொந்த உடம்புக்கு அப்படி மாத்திரை போட்டிருக்கிறோம்?

இவ்வளவு காலமும் அவள் புருஷனுடைய சிகிச்சை நோட்டைக் காட்டினால் டாக்டர்கள் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். போன வருடம் புது விதி வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது நோயாளி நேரில் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மாத்திரை கிடையாது. விதி தப்பு என்று நான் சொல்லமாட்டேன். நோயாளியைப் பார்க்காமல் மருந்து கொடுப்பது தப்புதான். ஆனால் வர முடியாதவரை என்ன செய்வது என்று அந்த விதியில் ஒரு வரி இல்லை. "அவுரு வண்டி ஏற மாட்டாருங்க. நீங்க யாராச்சும் ஒருவாட்டி வூட்டாண்ட வந்து பாத்துட்டுப் போங்களேன்" என்று மங்கம்மா கேட்டதற்கு, உள்ளே நாலு பேர் சிரித்தார்கள். உள்ளூரிலேயே வாங்கலாமே என்பீர்கள். அவளும் கேட்டாள். பக்கத்தில் நடக்கிற முகாமுக்கு நோட்டை மாற்ற வேண்டுமென்றாலும் நோயாளி ஒரு தடவை இங்கே நேரில் வரவேண்டுமாம். யார் யோசித்தார்களோ!

ஆறு மாதம் முடிய இரண்டு வாரம் இருந்தபோது, நடவு வயலில் மங்கம்மா இதைச் சொல்லி அழுதிருக்கிறாள். இவர்கள் நடவு நடுகிற முறையை இங்கே சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு கோஷ்டி. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நடுவார்கள். ஒருத்திக்கு உடம்பு முடியாவிட்டால் தங்கையையோ ஓரகத்தியையோ தன் இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அதற்குப் பெயர் பதில் ஆள். வந்தவள் அவள் வரிசையில் இறங்கி, அவள் பெயரைக் கூப்பிட்டால் ஏன் என்று கேட்டு, அவள் பங்கை நட்டுவிட்டுப் போவாள். அதை யாரும் ஏமாற்று என்று நினைப்பதில்லை. பதில் ஆள் அனுப்பாமல் நின்றுவிடுகிறவளைத்தான் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள்.

கோஷ்டிக்குத் தலைவி செல்லம்மாள்தான் வழி சொன்னாள். "இதுக்கு இன்னாத்துக்கு அய்துக்கினு கீற? உன் கொயுந்தன இட்டுக்கினு போ. பதில் ஆளுதானே!"

கொழுந்தன் முனிரத்தினம் லோடு வண்டி ஓட்டுகிறவன். அண்ணனைவிட எட்டு வயது சின்னவன், அரை அடி உயரம் கூட, வழுக்கைத் தலை. அண்ணனுக்கோ தலை நிறைய முடி, நெற்றியில் பழைய தழும்பு. நோட்டின் முதல் பக்கத்தில் வீராசாமியின் போட்டோ ஒட்டியிருக்கிறது, தழும்போடு. அந்தச் செவ்வாய்க்கிழமை மங்கம்மாவும் கொழுந்தனும் என் கவுண்டருக்கு வந்தார்கள். எனக்கு முன்னால் இருநூறு பேர் வரிசை. நோட்டை வாங்கினேன், எண்ணைத் தட்டினேன், "வந்திருக்காரா?" என்றேன், "வந்துகீறாரு" என்றாள், முத்திரை குத்தினேன். நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. இந்தக் கதையில் என் பங்கு அது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உள்ளே ஓர் இளம் டாக்டர். ஒரு காலையில் எண்பது பேரைப் பார்க்கிறவர். பிறகு முனிரத்தினமே என்னிடம் சொன்னது இது.

"தூக்கம் வருதா?"

"படுத்தா போதும் சார், பொணம் மாதிரி தூங்குவேன்."

"குரல் எதுவும் கேக்குதா?"

"வூட்ல எம் பொண்டாட்டி குரல்தான் சார்."

டாக்டர் சிரித்துவிட்டார். பதினாலு வருடத்து நோயாளி இவ்வளவு தெளிவாகப் பேசினால் எந்த டாக்டருக்குத்தான் சந்தோஷம் வராது? வெள்ளை மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். மஞ்சளை நிறுத்திவிட்டார்.

மருந்து கொடுக்கும் இடத்தில் மங்கம்மா பதறிப்போனாள். "மஞ்ச மாத்திர இல்லியே?" என்று கேட்டதற்கு, "டாக்டர் நிறுத்திட்டாரும்மா, நல்லதுதானே, போ" என்றார்கள். உண்மையைச் சொன்னால் இருக்கிற வெள்ளையும் போய்விடுமே என்று பயந்து, அவள் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

ஐந்தாவது வாரம் வீராசாமி தூங்குவதை நிறுத்தினார். ஆறாவது வாரம் மாட்டைக் கட்டுத்தறியில் விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார். மூன்று நாள் தேடினார்கள். முனிரத்தினம் வண்டியை எடுத்துக்கொண்டு திருமுக்கூடல் வரைக்கும் ஆற்று மணலில் தேடியிருக்கிறான். அவர் அதற்கும் அந்தப் பக்கம், ஏதோ ஓர் ஊரின் பஸ் நிறுத்தத்தில் இருந்தார். தனக்குள் பேசிக்கொண்டு நின்ற மனிதரைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று யாரோ ஒருவன் சொல்ல, கம்பத்தில் கட்டிவைத்து அடித்திருக்கிறார்கள். மறுபடியும் கயிறு. இடது கை இரண்டு இடத்தில் ஒடிந்தது. அடித்தவர்கள் செல்போனில் படம் வேறு எடுத்தார்கள். அவர் சட்டைக் காலருக்குள் மங்கம்மா ஒரு துணியில் முனிரத்தினத்தின் நம்பரை எழுதவைத்துத் தைத்திருந்தாள். போலீஸ்காரர் ஒருவர் அதைப் பார்த்துக் கூப்பிட்டதால் ஆள் உயிரோடு கிடைத்தார்.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப் போட்டு அவரைப் படுக்கவைத்துவிட்டு, மங்கம்மா நேராக எங்களிடம் வந்தாள். அது செவ்வாய்க்கிழமைகூட இல்லை. அந்த இளம் டாக்டர் முன்னால் போய் நின்று, "அன்னிக்கி நான் இட்டாந்தது எம் புருஷன் இல்ல சார், எங் கொயுந்தன். அவருக்குப் பழைய மாத்திரயக் குடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

அவ்வளவுதான், மருத்துவமனைக்கே சாமி வந்துவிட்டது. ஆள்மாறாட்டம் என்றார்கள். போலீஸில் சொல்ல வேண்டும் என்றார்கள். நிலைய மருத்துவ அதிகாரி அவளை நிற்கவைத்து அரை மணி நேரம் கத்தினார். "உன்னாலதான்மா உன் புருஷன் கை உடைஞ்சுது" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். வீராசாமி எப்படி இருக்கிறார், தண்ணீராவது குடிக்கிறாரா என்று ஒருத்தர் கேட்கவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால்தான் நோட்டு, இல்லாவிட்டால் நோட்டை ரத்து செய்துவிடுவோம் என்று முடித்தார்கள். எழுத என்னைக் கூப்பிட்டார்கள்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் வழக்கமான பாணியில் ஆரம்பித்தேன்: அறியாமையினால் செய்த தவறு, இனிமேல் இப்படி நடக்காது. மங்கம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எய்திட்டியா? இன்னும் ஒண்ணு கீது, அதையும் எய்து" என்றாள். "கொயுந்தன புருஷன்னு சொன்னது எந் தப்பு. அதுக்கு எங்க வேணா கைநாட்டு வெக்கிறேன். பதினாலு வருசமா நோட்ல அவுரு போட்டோவ வெச்சிக்கினு, எதுருல குந்திக்கினு கீறது அவுரு இல்லன்னு ஒருத்தருக்கும் தெரியலியே, அது யாரு தப்பு? அத்த எய்து."

என் கை நின்றுவிட்டது. "யக்கா, இத எழுதினா நோட்டு தரமாட்டாங்க."

"எய்து."

எழுதினேன். முத்திரை குத்தின என்னையும் சேர்த்துத்தான் அந்த வரி என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், ஆனால் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதிகாரி படித்துவிட்டுக் கடைசி வரியை அடித்துவிட்டுக் கொண்டுவரச் சொன்னார். மங்கம்மா கட்டை விரலை மடக்கிக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். "அது இல்லன்னா நான் கைநாட்டு வெக்க மாட்டேன்" என்றாள். அங்கே புருஷன் காட்டுக் கத்தல் கத்திக்கொண்டிருக்க, மாத்திரை இல்லாமல் திரும்புவது என்றால் என்ன என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் நின்றாள்.

சுவரோரம் நின்றிருந்த இளம் டாக்டர்தான் பேசினார். "அந்த வரி இருக்கட்டும் சார். நான் போட்டோவைப் பார்க்கல" என்றார். முகம் சிவந்திருந்தது. அதிகாரியின் பதிலுக்குக் காத்திராமல் நோட்டை எடுத்து, வெள்ளையை முழுசாகவும் மஞ்சளையும் எழுதி, காஞ்சிபுரம் வார்டு டாக்டருக்கும் அவரே போன் செய்தார். அதற்காக அவருக்கு மெமோ கிடைத்தது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

வீராசாமி இரண்டு மாதத்தில் தேறிவிட்டார். இடது கை முன்போல மடங்காது. ஒரு கையால் மாட்டுக்குத் தீவனம் வைக்கிறார்.

மருத்துவமனையும் சும்மா இருக்கவில்லை. அந்தக் கடைசி வரியோடு மங்கம்மா கைநாட்டு வைத்த கடிதத்தை வைத்து ஒரு கூட்டம் போட்டார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஒரு ஜீப் கேட்பார்களோ, டாக்டர் ஒருவரைக் கூடுதலாகப் போடச் சொல்வார்களோ என்று நான் முட்டாள்தனமாக எதிர்பார்த்தேன். கூட்டம் முடிந்து என்னிடம் ஓர் அறிவிப்பைத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். செய்து, என் கவுண்டர் கண்ணாடியில் நானே ஒட்டினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மங்கம்மா வந்தாள். கண்ணாடியைப் பார்த்து, "புச்சா இன்னா பாப்பா எய்தி ஒட்டிக்கீது?" என்று கேட்டாள்.

படித்துக் காட்டினேன். ஆள்மாறாட்டத்தைத் தடுக்க, ஆறு மாதத்துக்கு ஒரு முறை நேரில் வரும் நோயாளி இனிமேல் தன் அசல் ஆதார் அட்டையுடன் வரவேண்டும். அட்டை இல்லாமல் வருகிறவர்களுக்கு மருந்து வழங்கப்படமாட்டாது.

அவள் நோட்டைத் திறந்து முதல் பக்கத்துப் போட்டோவைப் பார்த்தாள். பின்னால் இருநூறு பேர் நின்றார்கள்.

"மூஞ்சப் பாருங்கன்னு நான் சொன்னேன். இவங்க அட்டயக் கேக்கறாங்க" என்றாள். பிறகு முத்திரை குத்துவதற்காக நோட்டை என் பக்கம் தள்ளினாள்.