மணம் தெரியாமல் தூள் வறுத்தது

காய்ச்சல் மாறி எழும்பின அண்டைக்குத்தான் என்ர மூக்குக்கு மணம் தெரியாமப் போச்சுது எண்டு விளங்கிச்சுது. தேத்தண்ணி வெறும் சுடுதண்ணி மாதிரி இருந்துது. குழம்பில உப்பும் உறைப்பும் தெரிஞ்சுது, மீன் ருசியைக் காணேல்லை. மெல்ல மெல்ல வரும் எண்டார் டொக்டர். எப்ப வரும் எண்டு கேட்டன். அது அவருக்கும் தெரியாது.

சாப்பாட்டுக்காக நான் அழேல்லை, அம்மாவுக்காக அழுதனான். செத்துப்போன அம்மான்ர படம் ஒண்டுகூட என்னட்டை இல்லை. இடம்பெயர்ந்து ஓடேக்க எல்லாம் துலைஞ்சுபோச்சு. வர வர அவான்ர முகமும் பிடிபடுறேல்லை. ஆனா கறித்தூளுக்கு வறுக்கேக்க மட்டும் வருவா. மல்லி சூடேறி மணம் எழும்பினால் போதும், மூக்குத்தியும் நெத்தி வியர்வையுமா கண்ணுக்கு முன்னால நிப்பா. இனி மணமில்லாமல் அவாவும் வரமாட்டாவோ எண்டுதான் அழுதனான்.

வீட்டில தூளும் முடிஞ்சுது. கடையில பக்கெற் வாங்குவம் எண்டார் என்ர மனுசன். எனக்கு வந்துதே கோவம்! வீட்டுக்கு வீடு தூள் வறுக்கிற வட்டக்கச்சியில இருந்துகொண்டு கடைத்தூளோ? சனம் சிரிக்கும். "எனக்கு மணம் தெரியாது, நீங்கள் வறுங்கோ, நான் பக்கத்தில நிண்டு சொல்லுறன்" எண்டன். அவர் முல்லைத்தீவுக் கடற்கரை ஆள். மீனைத் தொட்டுப் பார்த்தே எப்ப பிடிச்சது எண்டு சொல்லுவார், அடுப்பில தாச்சிச் சட்டி வைச்சு அறியார்.

எல்லாம் தனித்தனியத்தான் வறுக்கோணும். மல்லியின்ர நிறத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு நிண்டன். வாசல் படலையடியில ஆரோ கூப்பிட, போய்க் கதைச்சுப்போட்டு வாறதுக்குள்ள மனுசன் செத்தல் மிளகாய், மிளகு, வெந்தயம் எல்லாத்தையும் மல்லியோட கொட்டிப்போட்டார்.

"கடைசியில ஒண்டாத்தானே அரைக்கிறது?" எண்டு கேட்டார். பாருங்கோ கேள்வியை!

புகை குசினியை மூடிச்சுது. இருமித் தும்மி இரண்டு பேருக்கும் கண்ணால தண்ணி. "என்ன, ஆளைக் கொல்லப் போறியளே?" எண்டு வேலிக்கு அங்கால பக்கத்து வீட்டு அக்கா கத்தினா. நானும் கத்தினன்.

"ஐயோ, வெந்தயம் கருகுது, இறக்குங்கோ! எல்லாம் கைச்சுப்போகும்!"

அவர் இறக்கேல்லை. அகப்பையோட திரும்பி என்னையே பார்த்தார்.

"வெந்தயம் எண்டு உமக்கு எப்பிடியப்பா தெரியும்?"

தாச்சிக்கு மேல குனிஞ்சு மூச்சை இழுத்தன். மெல்லிசா ஒரு கைப்பு மணம். அம்மா ஒருநாளும் வெந்தயத்தைக் கருக விடமாட்டா. அதாலதானோ என்னவோ, அண்டைக்கு அவா சிரிச்சுக்கொண்டு வரேல்லை. புருவத்தை நெரிச்சு, சேலைத் தலைப்பால மூக்கைப் பொத்திக்கொண்டு கோவத்தோட வந்து நிண்டா. அந்தக் கோவ முகத்தை நான் மறந்தே போயிருந்தன். ஆசை தீரப் பார்த்தன்.

மனுசன் பயந்துபோய்த் தாச்சியை இறக்கப் போனார்.

"இறக்காதேங்கோ" எண்டன். "இன்னும் கொஞ்சம் கருகட்டும்."